இஸ்தோப்பில் ஆறு மாதம்

கித்துல்கலைக்குக் கொஞ்சம் கீழே, களனி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அதன் ஆற்றோர டிவிஷனில், ஒரே தகரக் கூரையின் கீழ் எட்டு ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட ஒரு லயம். அதில் ஐந்தாம் காம்பரா வெள்ளையம்மாவுடையது. அப்படி எழுதினால் சட்டம் தெரிந்தவர்கள் முறைப்பார்கள். அவளிடம் உறுதிப் பத்திரமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. முறைக்கட்டும். முப்பத்தெட்டு வருடம் ஒருத்தி கூட்டிப் பெருக்கிய தரைக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அவள் பத்தொன்பது வயதில் ரம்புக்கனைப் பக்கமிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். வந்த மாதமே ரப்பர் பால் வெட்டும் கத்தி கைக்கு வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும், கிளாக்கர் பேர் வாசிப்பார். குரல் கேட்காவிட்டால் ஆள் நேரில் நின்றாலும் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. புதுப்பெண்ணின் கூச்சத்தில் வாய்க்குள்ளே முணுமுணுத்ததில் முதல் வாரமே இரண்டு நாள் பேர் போனது. மூன்றாம் நாள் அவள் போட்ட "இருக்கேங்க!" ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து நிற்கும் வரை ஒருநாள் கூட அவள் பேர் விடுபட்டதில்லை.

கணவன் நாகலிங்கம் இதற்கு நேர்மாறு. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூட்டில் வேலை. வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். வேலை முடிந்து வந்தால் இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் உள்ள அந்தச் சின்னத் தாழ்வாரத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார். ஆற்றில் ரப்பர் படகில் வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு போனால் மட்டும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவளும் வந்து பக்கத்தில் உட்காருவாள்.

சென்ற வருடம் வைகாசி பிறந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பூசாரி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவிட்ட நட்சத்திரம். அடைப்பு.

அடைப்பு என்றால் உயிர் போன அறையை ஆறு மாதம் மூடி வைக்க வேண்டும். யாரும் உள்ளே போகக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. போன உயிர் அதுவரை அந்த அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளையம்மாவுக்கு அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. வாயில்லாத மனுஷன் ஆறு மாதம் அந்த அறையில் தனியே இருக்கப்போகிறார் என்பதை நினைத்துத்தான் அவள் அதிகம் அழுதாள்.

அன்று மாலை அடக்கம் முடிந்ததும் காம்பராவைப் பூட்டினாள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ரம்புக்கனையில் மகள் விஜயகலா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வெளியூர் போனால் சாவியைத் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவது அங்கே பழைய வழக்கம். நெருப்பு கிருப்பு பிடித்தால் யாராவது திறக்க வேண்டுமே என்று எந்தக் காலத்திலோ தொடங்கியது. அவளும் கொடுத்தாள். கொடுத்ததற்கு ஒரு சிங்களக் கடுதாசியில் கையெழுத்துக் கேட்டார்கள். சிங்களம் தண்ணி பட்ட பாடாகப் பேசுவாளே தவிர எழுத்து வராது. தமிழில் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

தோட்டம் அதற்கு நாலு மாதத்துக்கு முன்தான் கைமாறியிருந்தது. புது முதலாளி கொழும்பில் இருப்பவர். அவருக்கு ரப்பர் மரங்களைவிட ஆறு தெரியும் அந்த மேட்டின் மேல்தான் கண். லயத்தை இடித்துவிட்டு, படகு விட வருகிறவர்கள் தங்க விடுதி கட்டும் எண்ணம். முன்பே ஐந்து குடும்பங்கள் கையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போய்விட்டன. மற்ற இரண்டு குடும்பங்கள் சாமான் கட்டத் தொடங்கியிருந்தன. ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் ஆள் இருந்தாலும் லயத்தை இடிக்க முடியாது.

காரியம் முடிந்து திரும்பியபோது ஐந்தாம் காம்பராவில் அவள் போட்ட பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு தொங்கியது. கதவில் ஒரு நோட்டீஸ். சிங்களத்தில்தான். நாலாம் காம்பரா மரியாயி, கழுத்துச் செபமாலையைப் பிடித்தபடி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"வேலையில உள்ளவுங்களுக்குத்தான் காம்பராவாம் அக்கா. நாகலிங்கம் அண்ணன் செத்துட்டாரு, நீங்க வேலையிலருந்து பேர் வெட்டியாச்சு. சாவிய நீங்களே ஒப்படைச்சு காம்பராவ விட்டுட்டுப் போயிட்டீங்களாம். பதினாலு நாளுக்குள்ள சாமான எடுக்கணுமாம்."

"நான் எங்கடி விட்டுட்டுப் போனேன்? கருமாதிக்குப் போனேன்."

"கையெழுத்து இருக்குன்னு போட்டிருக்கு."

வெள்ளையம்மா அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருட வழக்கத்தை நம்பிப் போட்ட ஒரு கையெழுத்து, காம்பராவையே தூக்கிக் கொடுத்த கதையாகிவிட்டது.

மகள் போனில் அழுதாள். "நீங்க இங்க வந்துருங்கம்மா. ஒத்தக் காம்பராவுக்காக யாரோட மல்லுக்கு நிப்பீங்க?"

"ஒங்க அப்பா உள்ள இருக்காரு. ஆறு மாசம் கழிச்சு வழிகூட்டி அனுப்பணும். அதுக்குள்ள இடிச்சுப் போட்டாங்கன்னா அவரு எங்க போயி நிப்பாரு?" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

மறுநாள் மரியாயியைக் கூட்டிக்கொண்டு கேகாலைக்குப் போனாள். அங்கே ஏழைகளுக்கு இலவசமாகச் சட்டம் பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம் உண்டு. பகல் வரைக்கும் வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்த பிறகு யும்னா என்ற சட்டத்தரணி கூப்பிட்டாள். மாவனல்லைப் பெண். முப்பது வயது இருக்காது, ஆனால் கடுதாசியைப் பார்க்கும் பார்வையில் அனுபவம் தெரிந்தது.

"இதக் கேளுங்க அம்மா. நோட்டீஸ்ங்கிறது வெறும் கடுதாசி. போங்கன்னு சொல்லலாம், போக வைக்க ஏலாது. போக வைக்கிறதுக்கு கோட்டு உத்தரவு வேணும். அது இல்லாம பூட்டுப் போட, கூரையப் பிரிக்க, தண்ணிய வெட்ட ஒருத்தருக்கும் உரிமை இல்ல. காணி யாருடையதுன்னு இந்த மாதிரி வழக்குல முதல்ல பாக்க மாட்டாங்க. யார் இருந்தது, யார் யாரைத் தள்ளினதுன்னுதான் பாப்பாங்க. அதனால நீங்க போலீஸ்ல ஒரு முறைப்பாடு போட்டு அந்தப் பூட்டக் கழட்ட வச்சுட்டு, இன்டைக்கே அந்த அறைக்குள்ள போய்க் குடியிருங்க."

"அது ஏலாது மிஸ்."

"ஏன்?"

"அடைப்பு."

யும்னாவுக்கு அடைப்பு என்றால் என்னவென்று விளக்கவே கால்மணி நேரம் ஆனது. விளக்கி முடிந்ததும் அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். "அம்மா, அறைய மூடி வச்சா விட்டுட்டுப் போனதா சொல்லுவாங்க. திறந்தா உங்க முறை கெட்டுப் போகும். ரெண்டுல ஒண்டத்தான் பிடிக்கலாம்."

"ரெண்டையும் பிடிக்கணும் மிஸ்" என்றாள் வெள்ளையம்மா. பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்: "இஸ்தோப்பு காம்பராவோட சேர்ந்ததுதானே? அவரு செத்தது உள்ளுக்கு. இஸ்தோப்புக்கு அடைப்பு இல்ல."

யும்னா பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். "அங்க சமைப்பீங்களா? படுப்பீங்களா?"

"ஏன் மாட்டேன்?"

"மழை?"

"மழைய நான் பாக்காததா?"

அன்று மாலையே போலீசில் முறைப்பாட்டைப் போட்டுவிட்டு, இஸ்தோப்பில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். மரியாயி ஒரு பாய் கொடுத்தாள். மழைத்தண்ணீர் பால் சிரட்டையில் இறங்காமல் ரப்பர் மரத்துக்குக் கட்டுவார்களே பொலித்தீன் பாவாடை, அதில் பழசு இருபது முப்பதைப் பொறுக்கி ஒன்றோடொன்று தைத்துச் சாரலுக்குத் திரை தொங்கவிட்டாள். வீடு ரெடி. அகலம் நாலு அடி.

மூன்றாம் நாள் மெனேஜர் கிருஷாந்த் வந்தார். கொழும்புப் பையன், நல்ல உடுப்பு, கெட்ட மனுஷன் என்று சொல்லவும் முடியாது. முதலாளிக்குக் காலையும் மாலையும் பதில் சொல்ல வேண்டிய பதற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அம்மா, இது என்ன வேலை? வெளிக்கிடுங்க."

"கோட்டு உத்தரவு கொண்டாங்க தம்பி. நானே பாயச் சுருட்டிக்கிட்டு எறங்குறேன்."

"நான் கதவுக்குப் பூட்டுப் போட்டாச்சு."

"நல்லதாப் போச்சு. நான் வைக்க வேண்டிய அடைப்ப நீங்க ரெட்டிப்பா வச்சுட்டீங்க. அவரு உள்ள பத்திரமா இருப்பாரு."

மரியாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிருஷாந்த் திரும்பிப் போனார். மறுவாரம் லயத்துப் பைப்பில் தண்ணீர் நின்றது. வெள்ளையம்மா ஆற்றில் இறங்கிக் குடத்தில் எடுத்து வந்தாள், அந்த நாளையும் போலீசில் எழுதி வைத்தாள். ஐம்பத்தேழு வயதில், தேய்ந்த முழங்காலோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் சாமான் கட்டிய இரண்டு குடும்பங்களும் கட்டை அவிழ்த்தன.

பிறகு கடுதாசிகள் வரத் தொடங்கின. பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியவை. தபால்காரர் முத்துபண்டா கீழே ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏற அலுப்புப்பட்டு, அங்கிருந்தே கூப்பிடுவார்.

லயத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: கடுதாசியை வாங்கவே கூடாது. வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது. கைபட்டால்தான் வழக்கு நம் தலையில் இறங்கும். முன்பு போன ஐந்து குடும்பங்களும் தபால்காரரைக் கண்டால் ரப்பர் மலைக்குள் ஒளிந்துகொண்டவைதான். மரியாயியும் தன் பேருக்கு வந்த கடுதாசியைத் திருப்பி அனுப்பியவள்தான்.

"வெள்ளையம்மா!" என்று முத்துபண்டா கூப்பிட்டதும் மரியாயி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, வாய் தொறக்காதீங்க. இல்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவான்."

"இருக்கேன்!" என்று வெள்ளையம்மா பெரட்டுக் களத்துக் குரலில் பதில் போட்டாள். முத்துபண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

"ஐயோ அக்கா!"

"என்னாடி ஐயோ? பேரச் சொல்லிக் கூப்பிடுறான். இருக்கறவ இருக்கேன்னுதானே சொல்லணும்? சும்மா நின்னா அன்னிக்குப் பேர் கெடையாது." இறங்கிப் போய் வாங்கினாள். தேதியைக் கேட்டு, பேருக்குக் கீழே தானே எழுதினாள். ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று. மூன்றையும் உறையோடு பிஸ்கட் டின்னில் போட்டு, பஸ் ஏறி யும்னாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லாம் ஒரே பல்லவி: ஐந்தாம் காம்பராவை விட்டு உடனே வெளியேறவும்.

"ஏன் வாங்கினீங்க? எல்லாரும் வாங்க வேணாம்னு சொல்லியிருப்பாங்களே" என்று யும்னா கேட்டாள்.

"பிழையா மிஸ்?"

"பிழையா! வாங்காம விட்டா நோட்டீஸ் செத்துப் போகாது அம்மா. நாம பதில் சொல்ற நாள்தான் செத்துப் போகும்." உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த யும்னாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

அந்த வருட மழை லேசுப்பட்ட மழையில்லை. ஆடியில் ஒன்பது நாள் விடவே இல்லை. பொலித்தீன் திரை கிழிந்தது, அடுப்புக் கல் மிதந்தது, பாய் ஊறி நாறியது. காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் மரியாயி தன் காம்பராவுக்கு வரச்சொல்லிக் கெஞ்சினாள். ஒரு சுவர் தள்ளித்தான், வந்து படுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளையம்மா அசையவில்லை. பூட்டிய கதவில் முதுகை வைத்துச் சாய்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மழை நின்றதா, ஆறு எவ்வளவு ஏறியது, இன்றைக்கு எத்தனை படகு போயிற்று என்றெல்லாம். பிடிவாதம் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. அது பிடிவாதம் என்றால் அன்புக்கு வேறு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை.

ஆவணிக் கடைசியில் மெனேஜரும் அவள் அத்துமீறி நுழைந்ததாக ஒரு முறைப்பாடு போட, போலீஸ் இரண்டு பக்கத்தையும் கோட்டுக்கு அனுப்பியது. விசாரணை ஐப்பசியில் வந்தது.

முதலாளி பக்கத்துச் சட்டத்தரணி அந்தச் சிங்களக் கடுதாசியை நீட்டினார். வைகாசி மாதம் சாவியையும் காம்பராவையும் ஒப்படைத்து இவர் வெளியேறிவிட்டார், இதோ கையெழுத்து, அதற்குப் பிறகு அந்த அறையில் எவரும் வசிக்கவில்லை என்றார். வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். அழகாக வேறு எழுதியிருந்தாள்.

நீதவான் அவளைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், அறை இருக்கும்போது ஏன் வெளியே படுத்தீர்கள் என்று.

"உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கிறார் சுவாமீனி" என்றாள் அவளும் சிங்களத்தில். "ஆறு மாதம் அது அவருடைய இடம். வெளியே இருப்பது என் இடம். வீட்டை விட்டு நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை."

பிறகு யும்னா எழுந்தாள். பிஸ்கட் டின்னைத் திறந்து மூன்று உறைகளையும் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். கிருஷாந்திடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். இவர் வைகாசியிலேயே போய்விட்டார் என்றால், ஆனியிலும் ஆடியிலும் ஆவணியிலும் அதே ஐந்தாம் காம்பரா விலாசத்துக்கு, இவர் பேரைப் போட்டு, வெளியே போகச் சொல்லி நீங்கள் ஏன் எழுதினீர்கள்? போய்விட்ட ஆளைப் போகச் சொல்வார்களா? மூன்று தடவையும் அங்கேயே இருந்து கையெழுத்துப் போட்டு வாங்கியது யார்?

கிருஷாந்த் தன் சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி ஜன்னலைப் பார்த்தார்.

உத்தரவு எழுத்தில் வர இரண்டு வாரம் ஆனது. வெள்ளையம்மா அந்தக் காம்பராவில் இருந்து வருகிறாள், உரிய வழக்கில் வேறு தீர்ப்பு வரும் வரை அவளை யாரும் தடுக்கக் கூடாது, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. முதலாளி இன்னொரு வழக்குப் போடலாம், போட்டால் அதையும் பார்ப்போம் என்றாள் யும்னா. அவர் போட்டதாக இதுவரை தகவல் இல்லை. லயம் இருக்கிறது, பைப்பில் தண்ணீர் வருகிறது.

சாவியோடு கிருஷாந்த் வந்தபோது லயமே கூடி நின்றது. தன் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய சாவியை நீட்டினார். வெள்ளையம்மா வாங்கவில்லை. பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்தாள்.

"ஒங்க கடுதாசிக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்ல தம்பி. இந்தச் சாவிக்கு நீங்க ஒண்ணு போடுங்க. என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டுப் போடுங்க. தமிழ்தான்."

'வெள்ளையம்மாவின் காம்பராச் சாவியை வெள்ளையம்மாவிடமே கொடுத்தேன்' என்று எழுதியிருந்தது. அவர் வாசித்தார். காது சிவந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு, தேதியையும் எழுதினார். போகும்போது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று அவள் கூப்பிட்டதற்கு நின்று குடித்துவிட்டுத்தான் போனார்.

"தொறங்க அக்கா! என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மரியாயி அவசரப்படுத்தினாள்.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றாள் வெள்ளையம்மா. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

சட்டம் போகச் சொல்லவில்லை, பூட்டுக் குறுக்கே நிற்கவில்லை, சாவி இடுப்பில் இருந்தது. இருந்தும் அந்தப் பதினோரு நாளும் அவள் இஸ்தோப்பில்தான் படுத்தாள். ஐப்பசி அடைமழை வேறு.

கார்த்திகையில், பூசாரி குறித்துக் கொடுத்த காலையில், விஜயகலா ரம்புக்கனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பூஜை முடிந்தது. வெள்ளையம்மா முந்தானையை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே பூஞ்சணம் பிடித்த கட்டில், குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பை, ஆணியில் தொங்கும் சட்டை. ஆறு மாதம் மூடிக்கிடந்ததில் புகைக்கூட்டு வாசனை அந்தச் சட்டையிலிருந்து அறை முழுக்கப் பரவியிருந்தது.

மெனேஜருக்கு முன்னாலும் போலீசிலும் கோட்டிலும் கலங்காதவள், வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மகள் தாங்கிப் பிடித்தாள். அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"போயிட்டு வாங்க" என்றாள் உள்ளே பார்த்து. "நான் இங்கதான் இருக்கேன்."